ஊதியம் பெறாத அனுபவம்

திருவண்ணாமலை மாவட்டத்தில், கமண்டல நாகநதியின் கரையில் அமைந்த ஊர் ஆரணி. பட்டுக்கும் அரிசிக்கும் பெயர்பெற்ற ஊர் அது. அவ்வூரின் நெசவாளர் தெருக்களில் வைகறைப் பொழுதில் நடந்து செல்வோர் ஓர் அரிய காட்சியைக் காணலாம். தெருவின் நீளத்திற்குப் பட்டுப் பாவு நீட்டிக் கட்டப்பட்டிருக்கும். ஒருவர் கஞ்சித் தண்ணீர் தெளிப்பார். ஒருவர் இழைகளை ஒன்றோடொன்று ஒட்டாதவாறு பிரித்து விடுவார். மற்றொருவர் அறுந்த இழையை நாடி முடிபோடுவார். வெயில் ஏறுமுன் வேலை முடிதல் வேண்டும். ஒரு குடும்பத்தின் கைகள் அதற்குப் போதா. ஆதலால் அண்டை வீட்டார் வந்து கைகொடுப்பர். அவர்கள் கூலி கேட்பதுமில்லை. பாவுக்கு உரியவர் கொடுப்பதுமில்லை. நாளை அவர்கள் வீட்டுப் பாவுக்கு இவர்கள் செல்வர்.

அப்பாவு தறியில் ஏறிப் புடவையாகிக் கடைக்குச் செல்லும். நெய்தவரின் கூலி கணக்கில் எழுதப்படும். விடியலில் பாவுக்குக் கைகொடுத்தவர் பெயரோ எந்தக் கணக்கிலும் ஏறாது. கணக்கில் ஏறாமையால் அவர்கள் செய்தது வேலையே அன்று என்று சொல்லலாகுமா?

மாணவர்களே! இவ்வினாவை என் உள்ளத்தில் எழுப்பியவள், என்னிடம் தமிழ் பயின்ற ஒரு மாணவியே. அவள் கதையைச் சொல்கிறேன், கேளுங்கள்.

நான் ஓய்வு பெற்ற பின்னர், ஒருநாள் மாலை அவள் என் வீட்டிற்கு வந்தாள். அவள் தந்தை பட்டு நெசவாளர். வயது ஏற ஏற அவருக்குக் கண்பார்வை மங்கியது. மெல்லிய இழை கண்ணுக்குப் புலப்படவில்லை. வீட்டில் இருந்த இரண்டு தறிகளுள் ஒன்று நின்றுவிட்டது. தம்பியின் கல்லூரிப் படிப்பு நடுவழியில் இருந்தது. வணிகவியலில் பட்டம் பெற்ற அவள் வேலை தேட வேண்டிய நிலை. செய்யாற்றுத் தொழிற்பேட்டையில் உள்ள ஒரு தொழிற்சாலையில், புதிதாகச் சேரும் தொழிலாளர்க்குப் பயிற்சி அளிக்கும் பிரிவுக்கு ஓர் உதவியாளர் தேவை என்று அறிந்து, அதற்கு விண்ணப்பம் எழுதிக் கொண்டு வந்திருந்தாள்.

"ஐயா, இதில் பிழையிருந்தால் திருத்தித் தாருங்கள்" என்று ஒரு தாளை நீட்டினாள். இக்காலத்தார் பயோடேட்டா என்றும் ரெஸ்யூம் என்றும் வழங்கும் தன்விவரக் குறிப்பு அது. எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் தாளின் நடுவே ஒரு வரியில் என் கண் நின்றது. 'முன் அனுபவம்: இல்லை' என்று எழுதியிருந்தாள்.

"இதில் ஒரு பெரும்பிழை இருக்கிறதே, அம்மா" என்றேன்.

அவள் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எங்கே, ஐயா?"

"அனுபவம் இல்லை என்று எழுதியிருக்கிறாய். உங்கள் வீட்டுத் திண்ணையில் பிள்ளைகளை உட்கார்த்திப் பாடம் சொல்லிக் கொடுத்தவள் யார்? அந்த வழியாக நான் போகும்போதெல்லாம் பார்த்திருக்கிறேனே!"

அவள் சிரித்தாள். "அது இல்லம் தேடிக் கல்வி, ஐயா. தொண்டாகச் செய்தது. வேலை அன்று."

கொரோனாத் தொற்றினால் 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டதையும், தமிழ்நாட்டில் ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகள் 2021 நவம்பரிலேதான் பள்ளிக்குத் திரும்பியதையும் பலரும் அறிவர். இடைப்பட்ட காலத்தில் எழுத்தை மறந்த பிள்ளைகள் பலர். அக்குறையைப் போக்கத் தமிழ்நாட்டரசு 2021-ஆம் ஆண்டு அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வி என்னும் திட்டத்தைத் தொடங்கியது. ஊரிலுள்ள தன்னார்வலர் மாலை வேளையில் ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம், சுமார் இருபது பிள்ளைகளுக்குக் கற்பித்தனர். தொடக்க வகுப்பினர்க்குக் கற்பிக்கப் பன்னிரண்டாம் வகுப்பும், ஆறு முதல் எட்டாம் வகுப்பினர்க்குக் கற்பிக்கப் பட்டமும் தகுதியாக வைக்கப்பட்டன. மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை அளிக்கப்பட்டது. அத்திட்டத்தில் சேர்ந்து, 2022 பிப்ரவரி முதல் 2023 ஏப்ரல் வரை பதினைந்து மாதம் கற்பித்தவள் என் மாணவி.

"அதை ஏன் எழுதவில்லை?" என்று மீண்டும் கேட்டேன்.

அவள் சற்றுத் தயங்கினாள். பிறகு, "ஐயா, ஒன்பதாம் வகுப்பில் நீங்கள்தாம் சொல்லிக் கொடுத்தீர்கள். எவ்வளவு பெரிய செயலைச் செய்து முடித்தாலும் தன்னைத்தானே புகழ்ந்து கொள்ளுதல் தகாது என்று. தொண்டு செய்துவிட்டு அதைத் தாளில் எழுதி வேலை கேட்பது எனக்குக் கூச்சமாக இருக்கிறது" என்றாள்.

நான் வாயடைத்துப் போனேன். அவள் சொன்னது உண்மை. நன்னூலின் பாயிரப் பகுதியைப் பற்றிப் பேசும்போது அக்கருத்தைச் சொல்லியிருந்தேன். ஆனால் அதனை அடுத்து வரும் நூற்பாவை நேரமின்மையால் விட்டுவிட்டேன். பாதிப் பாடம் படித்தவள் பாதி வழியில் நின்றாள். குற்றம் மாணவியுடையது அன்று, ஆசிரியனுடையது. அன்று விட்ட பாடத்தை அன்றைய மாலை நடத்தி முடித்தேன்.

நன்னூலை இயற்றியவர் பவணந்தி முனிவர், சமணத் துறவி. 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சீயகங்கன் என்னும் சிற்றரசன் வேண்டிக்கொள்ள அந்நூலைச் செய்தார் என்பர். ஒரு நூலுக்குச் சிறப்புப் பாயிரத்தை நூலாசிரியனே பாடாமல் பிறர் பாடுவது ஏன் என்னும் வினாவுக்கு விடையாகவே, தன்னைப் புகழ்தல் தகாது என்னும் விதியை அவர் கூறினார். ஆனால் அவர் உலகியல் அறிந்தவர், விதியோடு நின்றுவிடவில்லை. உடனே விலக்கும் கூறினார். நான்கு இடங்களில் அறிவுடையோன் தன் சிறப்பைத் தானே எடுத்துரைத்தல் பொருந்தும் என்றார். அரசனது அவைக்கு ஓலை விடுக்கும்போது ஒன்று. தன் திறமையை அறியாதார் நடுவே நிற்கும்போது மற்றொன்று. அவையில் வாதிட்டு வெல்ல வேண்டிய வேளை மூன்றாவது. எதிரி தன்னை இழித்துப் பேசிய காலம் நான்காவது.

"இப்போது சொல், அம்மா. வேலைக்கு நீ எழுதும் விண்ணப்பம் எவ்வகை?" என்றேன்.

"அவைக்கு விடுக்கும் ஓலை, ஐயா" என்றாள். பிறகு, "என் திறமையை அறியாதவர்களுக்கு எழுதுவதும்தான்" என்று சேர்த்துக் கொண்டாள்.

"ஆம். நான்கு விலக்கில் இரண்டு உன் ஒரே தாளில் பொருந்துகின்றன. உன் தெருவார்க்கு நீ செய்ததைச் சொல்லித் திரிந்தால் அது தற்புகழ்ச்சி. அவர்கள் அதை முன்னரே அறிவர். செய்யாற்றில் இருப்பவர் உன்னைக் கண்டதில்லை. அவர்க்கு நீ சொல்லாவிட்டால் வேறு யார் சொல்லுவார்?"

கூச்சம் ஒருவாறு நீங்கியது. ஆனால் அவளுக்கு இன்னும் ஓர் ஐயம் இருந்தது. "ஊதியம் வாங்காமல் செய்ததை அனுபவம் என்று சொல்லலாமா, ஐயா? அதிலும் எனக்கு மாதம் ஆயிரம் ரூபாய் வந்தது. அப்படியானால் அது தொண்டும் அன்று, வேலையும் அன்று, இரண்டுங்கெட்டான் ஆகாதா?"

நல்ல ஐயம். பலர்க்கும் தோன்றுவது. இதனை உலக அறிஞர் பலர் கூடி ஆராய்ந்துள்ளனர். 2013-ஆம் ஆண்டு அக்டோபரில் ஜெனீவா நகரில், தொழிற் புள்ளியியலாளரின் பத்தொன்பதாம் அனைத்துலக மாநாடு நடைபெற்றது. வேலை என்பது யாது என அம்மாநாடு வரையறுத்தது. ஊதியத்திற்கோ இலாபத்திற்கோ செய்வது மட்டுமே வேலை அன்று. பிறர் பொருட்டு, எவரும் கட்டாயப்படுத்தாமல், ஊதியமின்றிச் செய்யும் தொண்டும் வேலையின் ஒரு வகையே என்று தீர்மானித்தது. தொண்டருக்குச் செலவை ஈடுகட்டச் சிறுதொகை அளிக்கலாம் என்றும், அது அவ்வூரில் வழங்கும் கூலியில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறைவாக இருக்குமாயின் தொண்டு என்னும் பெயர் கெடாது என்றும் கூறியது. ஆகவே சிறிய ஊக்கத்தொகை பெற்றதனால் ஒருவர் தொண்டர் அல்லர் ஆகிவிடார். ஆயினும் அத்தொகையை மறைத்தலும் வேண்டா. ஊக்கத்தொகையுடன் கூடிய தன்னார்வப் பணி என்று உள்ளவாறே எழுதுதல் நேர்மை.

இன்னொரு வேறுபாட்டையும் அம்மாநாடு காட்டியது. தன் வீட்டுக்கும் குடும்பத்துக்கும் செய்வது தொண்டு ஆகாது. தந்தையின் தறிக்குத் தார் சுற்றித் தருவது அரிய உழைப்பே. அதனை 'குடும்பத் தொழிலில் உதவி' என்று தனியே குறிக்கலாம். தொண்டு என்னும் தலைப்பின்கீழ் அதனை எழுதலாகாது. இவ்வாறு ஒவ்வொன்றையும் அதனதன் பெயரால் அழைப்பவரிடமே படிப்பவர்க்கு நம்பிக்கை உண்டாகும்.

தொண்டைக் கணக்கிட்டுச் சான்று அளிக்கும் முறை நம் நாட்டிற்குப் புதியது அன்று. காந்தியடிகளின் நூற்றாண்டு விழா நிகழ்ந்த 1969-ஆம் ஆண்டு, செப்டம்பர் 24-ஆம் நாள், நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கப்பெற்றது. முதலில் 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவரோடு தொடங்கிய அத்திட்டம், பின்னர் மேல்நிலைப் பள்ளிகளுக்கும் பரவியது. அதில் சேரும் கல்லூரி மாணவர் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் பணிசெய்தல் வேண்டும். ஏழு நாள் சிறப்பு முகாமிலும் தங்குதல் வேண்டும். 240 மணி நேரம் என்பது நாளொன்றுக்கு எட்டு மணியாக முப்பது நாள் உழைப்பு. அத்தனை நாள் உழைத்த ஒருவர் 'அனுபவம் இல்லை' என்று எழுதுவது அடக்கம் அன்று; உண்மைக்கு மாறானது.

சான்றிதழ் இல்லாத தொண்டும் உண்டு. 1991-ஆம் ஆண்டில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, ஆயிரக்கணக்கான இளைஞரும் பெண்களும் ஊதியமின்றி எழுத்தறிவு புகட்டினர். ஊர் ஊராகச் சென்று கற்பிக்கும் பொருட்டும், கற்கும் பொருட்டும், அதுவரை மிதிவண்டியைத் தொட்டறியாத பெண்கள் மிதிவண்டி ஓட்டப் பழகினர். கூட்டத்தின் முன் பேசவும், பதிவேடு எழுதவும், அலுவலரிடம் குறையை எடுத்துரைக்கவும் அவர்கள் கற்றது அத்தொண்டினால் அன்றோ? தொண்டு பிறர்க்குப் பயன் தருவதோடு, செய்பவர்க்கும் ஒரு தொழிலறிவைத் தந்துவிடுகிறது. வேலை கொடுப்பவர் நாடுவது அவ்வறிவையே.

இஃது அயல்நாட்டிலும் ஆராயப்பட்டது. அமெரிக்காவில் 2002 முதல் 2012 வரை எழுபதாயிரத்திற்கும் மேற்பட்டோரின் விவரங்களைக் கொண்டு ஓர் ஆய்வு நிகழ்ந்து, அதன் முடிவு 2013-இல் வெளிவந்தது. வேலையின்றி இருந்தோருள் தொண்டு செய்தவர்க்கு வேலை கிடைக்கும் வாய்ப்பு, செய்யாதவரைவிட 27 விழுக்காடு மிகுதி என்று அது கூறியது. நாட்டுப்புறத்தாரிடையே அவ்வேறுபாடு இன்னும் மிகுதியாக, 55 விழுக்காடாக இருந்தது. தொண்டு செய்தால் வேலை கிடைத்தே தீரும் என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. ஊக்கமுடையவரே தொண்டிலும் ஈடுபட்டிருக்கலாம். ஆயினும், சிற்றூரில் பிறந்து, பரிந்துரைப்பார் இன்றி வேலை தேடும் ஒருவர் தம் தொண்டை மறைத்து வைப்பதனால் இழப்பவர் தாமே என்பது இதனால் விளங்கும்.

"எழுதலாம் என்று தெரிந்தது. எப்படி எழுதுவது, ஐயா?" என்று கேட்டாள் மாணவி.

"முதலில் நீயே எழுது" என்றேன்.

அவள் எழுதினாள்: 'சமூகத் தொண்டில் மிகுந்த ஆர்வம் உடையவள். பல குழந்தைகளுக்குக் கல்வி கற்பித்து அவர்கள் வாழ்வில் ஒளியேற்றியுள்ளேன்.'

"இதில் உன்னைக் காணோமே!" என்றேன். "இதை யாரும் எழுதலாம், ஒருநாளும் ஒரு குழந்தைக்கும் கற்பிக்காதவரும் எழுதலாம். எங்கே, எப்போது, எத்தனை பேருக்கு, என்ன செய்தாய், என்ன விளைந்தது? இவ்வைந்துக்கும் விடை எழுது."

அவள் சிந்தித்தாள். தன் குறிப்பேட்டைக் கொண்டுவந்து கணக்குப் பார்த்தாள். அவளிடம் படித்த பிள்ளைகள் பதினெண்மர். அவர்களுள் எழுவர் வந்த புதிதில் ஒரு சொல்லைக்கூட எழுத்துக்கூட்டிப் படிக்க இயலாதவர். பதினைந்து மாதம் கழித்து அவர்களுள் ஐவர் தாமே ஒரு பத்தியைப் படித்தனர்.

"எழுவரும் படித்தனர் என்று எழுதிவிடட்டுமா, ஐயா? யார் வந்து எண்ணிப் பார்க்கப் போகிறார்கள்?" என்று மெல்லக் கேட்டாள்.

நான் அவளை அவள் வீட்டுச் சரிகையை நினைக்கச் சொன்னேன். உண்மைச் சரிகை என்பது பட்டிழையின்மேல் வெள்ளி சுற்றிப் பொன்முலாம் பூசியது. போலிச் சரிகையில் வெள்ளிக்கு மாறாகச் செம்பு இருக்கும். புதிதாக இருக்கையில் இரண்டும் ஒன்றுபோலவே பளபளக்கும். உரசிப் பார்க்கும்போது செம்பு தெரிந்துவிடும். அதன்பின் அந்தப் புடவையில் உள்ள பட்டும் போலியோ என்று வாங்குபவர் ஐயுறுவர். "இருவரைக் கூட்டி எழுதினால் ஐவரையும் இழப்பாய்" என்றேன். அவள் ஒன்றும் பேசாமல் எழுதினாள். முடிவில் அந்தப் பகுதி இவ்வாறு அமைந்தது:

'தன்னார்வலர், இல்லம் தேடிக் கல்வித் திட்டம், ஆரணி. பிப்ரவரி 2022 – ஏப்ரல் 2023. மாத ஊக்கத்தொகையுடன் கூடிய பணி. தொடக்க வகுப்பு மாணவர் 18 பேருக்குப் பள்ளி நாள்களில் மாலை ஒன்றரை மணி நேரம் தமிழும் கணக்கும் கற்பித்தேன். வருகைப் பதிவேடும் ஒவ்வொரு மாணவருக்கும் தனித்தனி முன்னேற்றக் குறிப்பும் எழுதி வைத்தேன். தொடக்கத்தில் எழுத்துக்கூட்ட இயலாத 7 பேருள் 5 பேர் தாமாகவே பத்தி படிக்கும் நிலையை அடைந்தனர்.'

இதில் புகழுரை ஒன்றும் இல்லை. 'சிறந்த', 'மிகுந்த', 'அளப்பரிய' என்னும் அடைமொழிகள் இல்லை. எண்ணும் செயலும் மட்டுமே உள்ளன. ஆனால் படிப்பவர் உள்ளத்தில் ஓர் இளம்பெண் பதினெட்டுப் பிள்ளைகளோடு திண்ணையில் அமர்ந்திருக்கும் காட்சி தோன்றுகிறது. பிள்ளைகளின் பெயரை அவள் எழுதவில்லை என்பதையும் நோக்குங்கள். உதவி பெற்றவரின் பெயரை வெளியிடுதல் அவர்க்கு நாணம் விளைப்பதாகும்.

இப்பகுதியைத் தாளில் எங்கே வைப்பது என்பதும் ஒரு வினா. முன்பு ஊதிய வேலை பார்த்திராதவர் இதனை அனுபவம் என்னும் தலைப்பின்கீழேயே வைக்கலாம். பல ஆண்டுகள் வேலை பார்த்தவர் பிற்பகுதியில் சுருக்கமாகக் கூறினால் போதும். திருமணத்தாலோ பிள்ளைப் பேற்றாலோ சில ஆண்டுகள் வேலையை விட்டிருந்த பெண்கள், அவ்வாண்டுகளில் செய்த தொண்டைக் கட்டாயம் குறித்தல் வேண்டும். எந்த வேலைக்கு விண்ணப்பிக்கின்றோமோ அதற்குப் பொருந்தும் தொண்டை முன்னே வைத்தல் நலம். பயிற்சிப் பிரிவுக்கு எழுதும் என் மாணவிக்குக் கற்பித்த அனுபவம் முதன்மையானது; கணக்கர் வேலைக்கு எழுதுவாளாயின் பதிவேடு எழுதியதை அவள் முன்னே வைப்பாள். ஒருநாள் முகாமுக்குச் சென்றதை ஓராண்டுப் பணிபோல நீட்டி எழுதுதல் மட்டும் எவ்விடத்தும் ஆகாது.

சான்றளிப்போர் யாவர்? இதற்கும் நன்னூலில் வழி உண்டு. சிறப்புப் பாயிரம் செய்யத் தக்கவர் நூலாசிரியனின் ஆசிரியன், அவனோடு கற்றவன், அவன் மாணாக்கன், தகுதியுடைய உரையாசிரியன் என்று பவணந்தியார் வகுத்தார். நால்வரும் அவனை அருகிருந்து அறிந்தவர். அல்லது அவன் நூலை ஆழ்ந்து கற்றவர். இக்காலத்தும் அதுவே முறை. உயர்ந்த பதவியில் இருப்பவர் என்பதற்காக, நம்மை அறியாத ஒருவரின் பெயரைக் குறிப்பதால் பயனில்லை. நம் பணியைக் கண்ணால் கண்டவரின் பெயரை, அவரது இசைவு பெற்றுக் குறித்தல் வேண்டும். என் மாணவி, அப்பிள்ளைகள் பயின்ற பள்ளியின் தலைமையாசிரியை இசைந்தபின் அவர் பெயரை எழுதினாள்.

இவ்வளவும் கேட்ட நீங்கள், "அப்படியானால் வேலை கிடைப்பதற்காகவே தொண்டு செய்யலாமா?" என்று வினவக்கூடும். அங்கேதான் விழிப்பாக இருத்தல் வேண்டும். இவ்வுலகம் இன்னும் அழியாமல் இருப்பது ஏன் என்று புறநானூற்றில் ஒரு பாட்டு ஆராய்கிறது. கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதி என்பார் பாடியது அது. தம் நலத்தையே கருதாமல் பிறர்க்காகப் பாடுபடும் மக்கள் இருப்பதனால்தான் என்று அப்புலவர் விடை காண்கிறார். சான்றிதழை நோக்கியே தொண்டு செய்பவர், சான்றிதழ் கைக்கு வந்த அன்றே தொண்டை விட்டுவிடுவர். எழுத்துக்கூட்ட இயலாத குழந்தைக்கு அப்படிப்பட்டவரால் யாது பயன்? தொண்டு செய்யும்போது தாளை மறந்திருத்தல் வேண்டும். தாளை எழுதும்போது தொண்டை மறவாதிருத்தல் வேண்டும். இரண்டிற்கும் காலம் வேறு.

மாணவியின் விண்ணப்பம் என்னவாயிற்று என்று அறிய விரும்புவீர்கள். இரண்டு வாரம் கழித்து நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்தது. அங்கே இருந்த அதிகாரி அவள் பட்டத்தைப் பற்றி மிகுதியாகக் கேட்கவில்லையாம். தாளில் விரல் வைத்து, "எழுவருள் ஐவர் படித்தனர் என்று எழுதியிருக்கிறீர்கள். மீதி இருவர் என்ன ஆயினர்?" என்று கேட்டாராம்.

அவள் உள்ளதைச் சொன்னாள். ஒரு சிறுவனின் பெற்றோர் செங்கல் சூளை வேலைக்கு வெளியூர் சென்றனர். அவனும் உடன் சென்றுவிட்டான். இன்னொரு சிறுமிக்கு எழுத்துத் தெரியாதது அறிவுக் குறையால் அன்று, கண் குறையால். அதைத் தான் கண்டுகொள்ள எட்டு மாதம் ஆயிற்று என்றும், முன்னரே கண்டிருந்தால் அச்சிறுமியும் படித்திருப்பாள் என்றும், தந்தையின் கண் மங்கியதை வீட்டில் பார்த்திருந்தும் அந்தக் குழந்தையின் கண்ணைப் பார்க்கத் தவறியது தன் பிழை என்றும் அவள் கூறினாளாம். கண்ணாடி வாங்கிக் கொடுத்தபின் அச்சிறுமி எழுத்துக்கூட்டத் தொடங்கினாள். ஆனால் அதற்குள் திட்டப் பணி முடிந்துவிட்டது.

அதிகாரி சிறிது நேரம் பேசாதிருந்து, பின்னர், "புதிதாக வரும் தொழிலாளியும் அப்படித்தான், அம்மா. அவருக்கு வேலை வரவில்லை என்று நாம் எண்ணுவோம், காரணம் வேறாக இருக்கும்" என்றாராம். அவ்வேலை அவளுக்குக் கிடைத்தது. எழுவர் என்று எழுதியிருந்தால் அந்தக் கேள்வியே பிறந்திராது என்று அவள் என்னிடம் வந்து சொன்னாள். அவள் வேறொன்றும் சொன்னாள். முதல் மாத ஊதியத்தில் தந்தையைக் கண் மருத்துவரிடம் அழைத்துச் சென்றாளாம். ஞாயிற்றுக்கிழமைதோறும் அந்தச் சிறுமி இன்னும் திண்ணைக்கு வருகிறாளாம். அதைத் தாளில் எழுதுவதாக அவளுக்கு எண்ணம் இல்லை.

மாணவர்களே! உங்களுள் பலர் இப்போதே ஏதேனும் ஒரு தொண்டில் இருக்கிறீர்கள். சாரணர் இயக்கத்திலோ, இளஞ்செஞ்சிலுவைச் சங்கத்திலோ, நாட்டு நலப்பணித் திட்டத்திலோ சேர்ந்திருப்பீர்கள். எதிலும் சேராமலே, அண்டை வீட்டுப் பாட்டிக்குக் கடிதம் படித்துக் காட்டுவோரும், விடியலில் எழுந்து அயலார் பாவுக்குக் கைகொடுப்போரும் உங்களுள் இருப்பர். செய்ததை ஒரு குறிப்பேட்டில் நாளும் அளவும் இட்டு எழுதி வையுங்கள். பெருமை பேசுவதற்காக அன்று, பின்னாளில் உண்மையைத் துல்லியமாகச் சொல்வதற்காக. உங்கள் பெயரைக் கேட்டறியாத ஓர் அவைக்கு நீங்கள் ஓலை விடுக்கும் நாள் வரும். அன்று 'அனுபவம் இல்லை' என்று எழுதிவிடாதீர்கள். செய்யாததைச் செய்ததாகவும் எழுதிவிடாதீர்கள்.

பயிற்சி

1. தன்னைத்தான் புகழ்தல் எவ்வெவ்விடங்களில் தகும் என்று நன்னூல் கூறுகிறது?
2. 'குற்றம் மாணவியுடையது அன்று; ஆசிரியனுடையது' என்று ஆசிரியர் கூறக் காரணம் யாது?
3. குடும்பத்திற்குச் செய்யும் உழைப்புக்கும் தொண்டுக்கும் உள்ள வேறுபாட்டை விளக்குக.
4. போலிச் சரிகையின் உவமையால் ஆசிரியர் உணர்த்தும் கருத்து யாது?
5. நீங்கள் செய்த ஒரு தொண்டினை, இடம், காலம், அளவு, செயல், விளைவு ஆகிய ஐந்தும் தோன்ற, அடைமொழியின்றி ஐந்து வரிகளில் எழுதுக.